பூவுக்கு வைத்த காற்று ஓட்டை

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கிப் பாண்டிச்சேரி பேருந்தில் ஏறிய அரை மணி நேரத்துக்குள் முழுப் பேருந்துக்கும் நான் பொல்லாத மனுசி ஆகிவிட்டேன். எல்லாம் மடியில் வைத்திருந்த பிளாஸ்க்கால் வந்த வினை. பக்கத்து இருக்கைப் பெண்ணின் கைக்குழந்தை பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, பிளாஸ்க்ல சுடுதண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்களேன். பால் பவுடர் கலக்கணும்."

"சுடுதண்ணி இல்லைப் பிள்ளை. ஐஸ்தான் கிடக்கு."

அவள் நம்பவில்லை. பிளாஸ்க்கில் யாராவது ஐஸ் கொண்டு போவார்களா? "இருந்தும் குடுக்க மனசு வரல பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மூடியைத் திருகித் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். உள்ளே ஐஸ் கட்டிகள், நடுவில் பொலித்தீனில் சுற்றிய விரலளவு கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் மஞ்சள் தூள்.

"என்னாது இது, மருந்தா?"

"மரத்தின்ர பூந்தூள். சவுக்கு மரம்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "அது பாண்டிலயே எக்கச்சக்கமா கெடக்குதேம்மா, இதுக்கா கடல் தாண்டி வர்றீங்க?" என்றார். பேருந்தே சிரித்தது. கடலூரில் வண்டி நின்றபோது நானே இறங்கித் தேநீர்க் கடையில் சுடுதண்ணீர் வாங்கி வந்தேன். பிளாஸ்க்கையும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கியதால் திரும்பி ஏற ஒரு நிமிடம் பிந்திவிட்டது, வண்டி நகரத் தொடங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் தாய்தான் ஜன்னலால் தலையை நீட்டி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாள். அதற்குப் பிறகு பாண்டிச்சேரி வரும்வரை என் தோளில்தான் அவள் தூங்கினாள்.

அந்தக் குப்பிக்குள் இருந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வடமராட்சி கிழக்குக் கரையில் இருக்கிறது. மணல் எங்களோடு குடியிருக்கிறது என்றே சொல்லலாம். சோற்றுப் பானையைத் திறந்து வைத்தால் அதற்குள்ளும் வந்துவிடும். மணலைத் தடுக்கத்தான் கரையோரம் சவுக்கு நடுகிறோம். உப்புக் காற்றில் பாதி கருகும், மீதி முறியும். கடல் ஊருக்குள் வந்த நாளிலும் அதற்குப் பிறகு வந்த புயல்களிலும் ஒரே ஒரு மரம்தான் அசையாமல் நின்றது. அது ஓர் ஆண் மரம். சவுக்கில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. கடந்த மார்கழி மழையில் அடிமணல் அரிபட்டு அதுவும் சாய்ந்துவிட்டது. குச்சி வெட்டி நட்டுப் பார்த்தோம், ஒன்றும் வேர்விடவில்லை. பூ விரிகிற நிலையில் இருந்த கொப்புகளை மட்டும் வெட்டி வாளித் தண்ணீரில் வைத்து, கீழே காகிதம் விரித்து, ஒரு கிழமை, ஏழு நாளும் உதிர்ந்த தூளைச் சேர்த்தேன். அந்த மரத்தில் மிஞ்சியது அந்தக் குப்பி மட்டும்தான். இதை ஒரு நல்ல பெண் மரத்துக்குச் சேர்த்து விதை எடுக்காவிட்டால் அந்த மரம் அத்தோடு சரி.

அதனால்தான் இந்தப் பயணம். அனுமதிப் பத்திரங்கள் எடுத்த கதையை எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை பாண்டிச்சேரிக்கு வந்து சேராது, விட்டுவிடுகிறேன்.

பேருந்து நிலையத்துக்குப் பிலோமினா ஸ்கூட்டரோடு வந்திருந்தாள். காலாப்பட்டுப் பக்கம் கடலோரம் இருக்கிற ஒரு சவுக்கு விதைத் தோட்டத்துக்கு அவள்தான் மேற்பார்வை. தொலைபேசித் திரையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமாகி, ஒரு வருடமாக இருவரும் மரங்களைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். நேரில் இதுதான் முதல் தடவை. கட்டிப்பிடித்த கையோடு "குப்பி எங்கக்கா?" என்றாள். என் சுகத்தை அதற்குப் பிறகுதான் விசாரித்தாள்.

அவளுடைய வீடு உப்பளத்தில் இருக்கிறது. மாடி அறையை எனக்கு ஒழித்து வைத்திருந்தாள். குப்பியைக் குளிர்பெட்டியில் வெண்ணெய் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் மேல் பேனாவால் ஒரு சிலுவை போட்டாள். "இனிமே யாரும் தொட மாட்டாங்க. மாதாவே வந்தாலும் கேட்டுட்டுதான் எடுப்பாங்க." இரவுச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தாள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, அது எங்கள் அறக்குளா மீன்தான். ஆனால் புளி எங்களுடையதைவிட இரட்டிப்பு. காலையில் நீளமான ரொட்டி வந்தது. எங்கள் பாண் பஞ்சு மாதிரி இருக்கும், இது தடி மாதிரி இருந்தது. கடித்தால் மேலண்ணம் கீறுகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நான் அரைவாசியை முடித்ததைப் பார்த்துப் பிலோமினா மற்றப் பாதியையும் என் பக்கம் தள்ளினாள்.

சாப்பிட்ட கையோடு தோட்டத்துக்குப் போனோம். லாஸ்பேட்டை வழியாகப் போகிற நேரம் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஸ்கூட்டரில் கிளம்பியிருந்தார்கள். ஒருத்தி இடது கையால் தோசை தின்றபடி வண்டி ஓட்டினாள். எங்கள் ஊரில் சைக்கிளில் போகும்போது பாட்டுப் பாடினாலே பார்ப்பார்கள்.

விதைத் தோட்டம் என்றால் என்னவோ பெரிய தோப்பு என்று நினைத்திருந்தேன். அது தோப்பே இல்லை, கணக்குப் போட்டு வைத்த ஊர். ஒரே தாயின் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு தூரம் என்று ஒழுங்கு. ஒவ்வொரு மரத்துக்கும் எண் உண்டு. பிலோமினாவின் கொப்பியில் எந்த மரம் என்றைக்குப் பூத்தது என்பது நாள்வாரியாக இருந்தது. கஷ்டமே அந்த நாள்களில்தான். ஒரு வரிசை தை மாதமே தூளை உதிர்த்து முடித்துவிடும். அடுத்த வரிசைப் பெண் மரம் மாசி நடுவில்தான் சிவப்பாக நார் நாராக விரியும். அதுவும் சில நாள்தான், பிறகு வாடிவிடும். பத்தடி தூரத்தில் நின்றும் அந்த இரண்டும் ஆயுள் முழுக்கச் சந்திக்காது.

"எங்க கோயில்ல கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கெழம பொண்ணு மாப்ள பேரச் சொல்லி ஓலை வாசிப்பாங்க. இங்க அது வரைக்கும் எவனும் காத்திருக்க மாட்டான்க்கா" என்றாள் பிலோமினா.

எங்கள் ஆண் மரத்துக்கு அவள் பார்த்து வைத்திருந்த பெண், பதினான்காம் எண். நேராக வளர்ந்த உயரமான மரம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் இரும்புக் குழாயில் மேடை கட்டி, படி வைத்திருந்தார்கள். நாற்பது கொப்புகளுக்கு வெள்ளைத் துணிப் பை கட்டியாகிவிட்டது. அங்கே வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு விவசாயியின் சவுக்கு நிற்கிறது. அதிலிருந்து தூள் காற்றில் வந்துகொண்டே இருக்கும். பூ விரிகிறதுக்கு முன்பே பையைக் கட்டி மூடிவிட்டால் வெளித்தூள் உள்ளே போகாது. பிறகு பையை ஊசியால் குத்தி நாம் கொண்டு வந்த தூளை மட்டும் ஊத வேண்டியதுதான். ஒவ்வொரு பையிலும் உள்ளே பார்க்கச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தது. தையல் அவ்வளவு வடிவு. மடித்த மடிப்பிலிருந்து ஒரு நூல் வெளியே தெரியவில்லை.

"யூசுப் பாய் தெச்சது. முல்லா வீதில கடை. இங்க பாண்டி மேட்டுப்பாளையம் கம்பெனிங்களுக்கு யூனிஃபார்ம் அவர்தான் தெக்கிறாரு. பாண்டிலயே அவர் கை மாதிரி வராது" என்று பெருமையாகச் சொன்னாள்.

பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கரை நெடுகக் கல்லாகக் குவித்திருக்கிறார்கள். முன்னால் நடந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, பிலோமினா காதுக்குள் தமிழாக்கினாள்: "பிள்ளைகளைக் கூட்டி வராதது நல்லதாப் போச்சு, விளையாட மணலே இல்லையாம்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வரச் சொல், சாக்கு சாக்காகக் கட்டிக் கொடுக்கிறேன் என்றேன். அன்றைக்கு நான் மகிழ்ச்சியாகத்தான் நித்திரைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் காலை மேடையில் ஏறி ஒவ்வொரு பையின் ஜன்னலாலும் பார்த்துக்கொண்டு வந்தேன். கீழ்க் கொப்புகளில் பூ விரியத் தொடங்கியிருந்தது. சின்னக் குஞ்சம் மாதிரிச் சிவப்பு. ஒரு கட்டெறும்பு பையின் மேல் ஊர்ந்தது. அடித்தையல் மடிப்புக்குள் நுழைந்தது. அடுத்த கணம் ஜன்னலுக்கு உள்பக்கம் ஊர்ந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எறும்பு எப்படி உள்ளே போகும்?

மடிப்பை விரலால் தூக்கினேன். அதன் அடியில் பித்தளை வளையம் போட்ட ஓட்டை, ஒன்றல்ல, நாலு. சட்டையில் கைக்கு அடியில், கமக்கட்டில் காற்று போகப் போடுவார்களே, அதே மாதிரி. மழைத் தண்ணீர் போகாமலிருக்க மேலே துணியை மடித்து அழகாக மூடி வேறு வைத்திருந்தார்கள். அதனால்தான் பிலோமினாவின் கண்ணிலும் படவில்லை. அடுத்த பையைப் பார்த்தேன். அதிலும் நாலு. அதற்கடுத்ததிலும் நாலு.

"பிலோ! கெதியா மேல வா!"

அவள் வந்து பார்த்தாள். மடிப்பைத் தூக்கினாள், விட்டாள், திரும்பத் தூக்கினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து "மோன் தியூ" என்றாள். அது பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிடுவது. இருவரும் நாற்பதையும் எண்ணிப் பார்த்தோம். முப்பத்து மூன்று பைக்குள் பூ விரிந்துவிட்டது. வெளித்தூள் அதற்குள் எவ்வளவு போனதோ யாருக்குத் தெரியும். உச்சியில் நிழல் பக்கம் இருந்த ஏழு கொப்புகளில் மட்டும் மொட்டு இன்னும் மூடியிருந்தது.

ஒரு பையை உருவி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் முல்லா வீதிக்குப் போனோம். வழி நெடுக நான் ஏச்சுகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். மனுசனா நீ, கண் இல்லையா உனக்கு, ஒரு மரத்தின்ர வம்சத்தையே அழிச்சுப்போட்டாய் என்று. கடைக்குள் மெசினுக்குப் பின்னால் வெள்ளைத் தாடியோடு மெலிந்த மனிதர் ஒருவர் இருந்தார். என் கையில் பையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓட்டையப் பாத்துட்டீங்களா! நான் சொல்லவே இல்ல, நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன். இந்த வெயில்ல பூவு உள்ள வெந்துடாதா மேடம்? மனசு கேக்கல. கம்பெனிக்காரங்க கேட்டாத்தான் காத்து ஓட்டை வெப்பேன். இது நானா வெச்சது."

பாராட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். இந்த மனிதரை எப்படி ஏசுவது?

பிலோமினாதான் சொன்னாள். தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, அந்த ஓட்டை அதற்கு வாசல் கதவு என்றாள். நான் கொண்டு வந்த குப்பியைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே மெசினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எத்தினி கெட்டுப்போச்சு?"

"முப்பத்து மூணு பாய்."

"யா அல்லா" என்றார். பிறகு மடியில் கிடந்த யூனிஃபார்ம் துணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத் துணியை விரித்தார். "மீதி ஏழுக்கு இப்பவே தெச்சித் தர்றேன். ரெட்டைத் தையல் போடறேன். எறும்பு இல்ல, எறும்போட மூச்சு கூடப் போகாது. ஆனா ஒண்ணு மேடம், கட்டறப்ப நானும் வருவேன். என் கண்ணால பாக்கணும்." அவர் தைக்கும்வரை அங்கேயே இருந்தோம். உள்ளேயிருந்து அவர் மனைவி சுலைமானி தேத்தண்ணி கொடுத்துவிட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை, கவலைதான் அப்படியே இருந்தது.

மாலையில் சாப்பிடும்போது என் மனதில் கிடந்ததைச் சொன்னேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"பிலோ, நாற்பதுக்கும் ஊதிவிடுவம். விரிஞ்சதுக்குள்ளயும் எங்கட தூள் கொஞ்சமாவது பிடிக்கும்தானே. விதை கனக்க வரும். ஆருக்குத் தெரியப்போகுது?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "நட்டு, பத்து வருஷம் கழிச்சி அதுல பாதி காத்துல முறிஞ்சி விழுந்துச்சின்னா உங்க ஊர்ல யாரத் திட்டுவாங்க? அந்த விவசாயியோட மரத்தையா? உங்க மரத்தத்தான் திட்டுவாங்க. 'அதோட பிள்ளைங்கதானே இதுங்க'ன்னு."

எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு புயலுக்கும் நின்ற மரத்துக்கு நான் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன். ஏழுக்கு மட்டும்தான் என்றேன். அவள் என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டைப் போட்டாள்.

நாலாம் நாள் விடிந்ததும் விடியாததுமாகத் தோட்டத்தில் நின்றோம். பனி ஈரத்தில் தூள் பறக்காது, காற்றும் இல்லை. யூசுப் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றும் கேளாமல் மேடையில் ஏறிவிட்டார். பிலோமினா பழைய பையைக் கழற்றி, தண்ணீரைப் புகை மாதிரி அடித்து மொட்டைக் கழுவுவாள். ஈரம் பட்டால் முன்பே வந்து ஒட்டியிருக்கிற தூள் செத்துவிடும். உடனே பாய் புதுப் பையை மாட்டி, கொப்பைச் சுற்றிப் பஞ்சு வைத்து, வாயை ஊசியால் கையாலேயே தைத்துவிடுவார். சட்டைக் காலர் தைக்கிற மாதிரிப் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். ஏழாவது கொப்பு மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவருடைய இடுப்பு வாரை நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். என் மனுசன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஐந்தாம் நாள் காத்திருந்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது, கத்தரிக்காய்த் தொக்கும் சேர்ந்து. பின்னேரம் மழை மூட்டம் போட்டது. நான் மூன்று தடவை மொட்டை மாடிக்கு ஏறி வானத்தைப் பார்த்தேன். பிலோமினா "நீங்க பாத்தா மேகம் போயிடுமாக்கா?" என்று சிரித்தாள். மேகம் என்னவோ போய்விட்டது.

ஆறாம் நாள் காலை ஏழு ஜன்னலிலும் சிவப்பு தெரிந்தது. வெண்ணெய் டப்பாவிலிருந்து குப்பியை எடுத்து வந்தோம். ரப்பர் குமிழில் ஊசியைப் பொருத்தி, தூளைப் போட்டு, பையில் குத்தினேன்.

"அய்யய்யோ, இப்ப நீங்களே ஓட்டை போடுறீங்க!" என்றார் பாய்.

"நான் போட்டா அது கணக்கில வராது பாய்."

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு ஊசி ஓட்டைக்கும் உடனுக்குடன் பிசின் துணி ஒட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவை குமிழை அழுத்தும்போதும் ஜன்னலுக்குள் மஞ்சளாக ஒரு புகை எழும்பிச் சிவப்பு நார்களில் படிந்தது. ஏழாவது பைக்கு வரும்போது குப்பியில் ஒன்றுமில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்ததைத் தட்டித் தட்டி எடுத்து ஊதினேன். குப்பி காலி. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஊரில் அந்த மரத்தில் இனி ஒரு துளி கிடையாது. பிலோமினா முதுகைத் தடவினாள். பாய் வேறு பக்கம் பார்த்து நின்றார்.

கெட்டுப்போன முப்பத்து மூன்று கொப்புகளையும் பிலோமினா வெட்டவில்லை. ஒவ்வொன்றிலும் "அப்பா தெரியாது" என்று எழுதி அட்டை கட்டினாள். அந்த விதை விறகுக்கு வளர்க்கிறவர்களுக்குப் போகுமாம். அட்டைகளைப் படித்துவிட்டு, "என்னாலதான் இதுங்களுக்கு இந்த நெலம" என்றார் பாய். நல்லா வளர்ந்துவிடும் பாய், கவலைப்படாதீர்கள் என்று நான்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் பேருந்து ஏறினேன். பிளாஸ்க்கில் இந்தத் தடவை சுடுதண்ணீர் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து மூன்று கிழமை தொலைபேசியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. காய் பிடித்ததா இல்லையா என்று பையைக் கழற்றும்போதுதான் தெரியும். ஒரு நாள் மத்தியானம் பிலோமினாவின் குரல்பதிவு வந்தது. மேடை மேலிருந்துதான் பேசினாள், காற்றுச் சத்தம் கேட்டது.

"அக்கா, ஏழுல அஞ்சு பிடிச்சிருக்குது. குண்டு குண்டா காயி. பாயும் இங்கதான் நிக்கிறாரு, அவர் கையாலதான் பையைக் கழட்டினாரு. அஞ்சுக்கா! கேக்குதா?"

நாலு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு மண்வெட்டியையும் அரிதட்டையும் எடுத்துக்கொண்டு வளவின் பின்பக்கம் போய் நாற்றுமேடைக்கு மண் அரிக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு மனுசன் வந்து நின்று பார்த்தார். காய் முற்றி, விதை எடுத்து, பத்திரங்கள் எல்லாம் முடிந்து வர எத்தனை மாதமாகும் என்று கேட்டார். நாலைந்து மாதம் ஆகும் என்றேன்.

"அதுக்கு இப்பவே மேடை போடுறீர். உமக்கென்ன விசரே?"

"ஓம்" என்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அரிதட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார்.